திருகோணமலை உள்நீரில் பாய்ப்படகு: பழுதும் தோழமையும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையின் உள்துறைமுகத்திலும் அதை அடுத்த குடாக்களிலும் 20 முதல் 25 அடி வரையிலான சிறு பாய்ப்படகுகளை ஓட்டத் தொடங்கியிருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். கேட்பவர்களில் பலர் பழுதுபார்க்கும் ஆயுதங்களின் பட்டியலை எதிர்பார்த்தே வருகிறார்கள். பட்டியல் கீழே உண்டு. ஆனால் பாய்ப்படகுக்கென்று தனிப் பட்டறையும் உதிரிப்பாகக் கடையும் நம் ஊரில் தெருவுக்குத் தெரு இல்லாதபடியால், உடைந்ததைச் சரிசெய்ய நீளும் முதற்கை பெரும்பாலும் பக்கத்துத் தோணிக்காரருடைய கையாகவே இருக்கும். அவரோடு எப்படிப் பழகுவது என்பதையும் பழுதுபார்ப்பின் ஒரு பகுதியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

உள்நீர் என்று நீங்கள் சொல்வது எந்த நீரை?

மதகு வைத்துக் கட்டிய கால்வாய்களில் நாட்கணக்காகப் படகோட்டும் வசதி ஐரோப்பியருக்கு உண்டு; நமக்கு இங்கே அது இல்லை. நான் சொல்வது உள்துறைமுகம், கொட்டியாரக் குடாவின் ஓரங்கள், கிண்ணியாவுக்கு உட்புறமாக விரியும் தம்பலகாமக் குடா, 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி மூதூர்ப் பக்கம் கடலைச் சேரும் வாய்ப்பகுதி ஆகியவற்றை. இவை ஒன்றுக்கொன்று அருகில் இருந்தாலும் குணத்தில் வேறானவை. உள்துறைமுகத்தில் கரையை ஒட்டியே ஆழம் சரிந்து இறங்கிவிடும். நங்கூரக் கயிறு போதாமல் திண்டாடியவர்கள் பலர். தம்பலகாமக் குடாவிலோ, முன்பு கண்ணாடிச் சிப்பியை முத்துக்காக எடுத்த அந்தச் சேற்றுத் தரையில், ஒரு பாகம் (ஆறு அடி) நீர் இருக்கிறதென்று நம்பிப் போனவர் முழங்கால் நீரில் நின்றுவிடுவார்.

கொட்டியாரக் குடாவிலிருந்து தம்பலகாமக் குடாவுக்குள் நுழையும் வழியின் மேலே, 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் நிற்கிறது. அதனடியில் போக நினைப்பவரின் பாய்மரம் கீல் வைத்துச் சாய்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். நீர்மட்டத்திலிருந்து பாய்மர நுனி வரையான உயரத்தை அளந்து, படகின் உட்பக்கத்தில் அழியாத மையால் எழுதி வையுங்கள். பாலத்தைவிட மின்கம்பிகளுக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். பாலம் கண்ணுக்குத் தெரியும். மாலை வெயில் முகத்தில் அடிக்கும்போது கம்பி தெரியாது.

எந்தக் காலத்தில் பயணம் போகலாம்?

சித்திரை பிறந்ததிலிருந்து புரட்டாதி வரை. வாடைக்காற்றுக் காலத்தில் மழை, வெள்ளம், மகாவலி அடித்துக்கொண்டு வரும் மரக்கட்டைகள் எல்லாம் சேர்ந்துவிடுவதால், சிறு படகைக் கரையேற்றிவிடுவதே புத்தி.

நல்ல காலத்திலும் ஓர் ஆபத்து உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் வீசும் கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று. கரையோரத்தில் அலையே இருக்காது. நீர் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடக்கும். அந்த அமைதியை நம்பிப் பழுதான எஞ்சினைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தால், தலை நிமிரும்போது கரை தூரப் போயிருக்கும். ஆகவே கச்சான் காலத்தில் எந்தப் பழுதாக இருந்தாலும் முதல் வேலை நங்கூரம் போடுவது, இரண்டாவது வேலைதான் திருப்புளியைத் தேடுவது.

புறப்படும் முன் யாருக்கு அறிவிக்க வேண்டும்?

துறைமுக நீர் துறைமுக அதிகார சபையின் பொறுப்பில் இருக்கிறது. கடற்படையின் கிழக்குக் கட்டளைத் தலைமையகமும் இங்கேதான். எங்கே போகலாம், எங்கே நங்கூரமிடக் கூடாது என்பதை இரு இடங்களிலும் கேட்டு அனுமதி பெற்ற பின்பே பாயை விரியுங்கள். அதோடு நின்றுவிடாமல், நீங்கள் இரவு தங்கப்போகும் கரையில் உள்ள மீனவர் சங்கத்தில் ஒருவருக்காவது படகின் நிறத்தையும் ஆட்களின் தொகையையும் சொல்லி வையுங்கள். அவசரத்தில் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, கடல் வானொலி இருந்தால் 16ஆம் அலைவரிசை.

இதைச் சடங்காக நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் கதை மூதூர்க் கதை. 1659 நவம்பரில் சோழமண்டலக் கரையில் புயலில் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலேயக் கப்பல், புதுமரம் நாட்டிப் பழுதுபார்க்கவென்று கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனுக்கு முறைப்படி கடிதமும் காணிக்கையும் அனுப்பாததே தங்களுக்கு வந்த வினை என்று, கப்பல் தலைவரின் மகன் றொபேட் நொக்ஸ் பின்னாளில் எழுதினார். தலைவரும் ஆட்களும் கரையில் பிடிபட்டார்கள். தந்தை 1661இல் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 1679இல்தான் மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சேர்ந்தார். இன்று யாரும் யாரையும் பிடித்து வைக்கப் போவதில்லை. ஆனாலும் அந்நியமான துறையில் பழுதோடு நுழைகிறவர் முதலில் கரைக்குச் சொல்லிவிட்டுப் பிறகு மரம் வெட்டப் போவது அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி.

படகில் என்னென்ன ஆயுதங்கள் இருக்க வேண்டும்?

கடையில் பெட்டியோடு விற்கும் 100 துண்டுக் கட்டை வாங்காதீர்கள். உப்புக் காற்றில் மூன்றே மாதத்தில் அதில் பாதி துருவாகிவிடும். உங்கள் படகிலுள்ள ஒவ்வொரு நட்டுக்கும் பொருந்தும் ஸ்பானர் எதுவென்று கரையில் வைத்தே பார்த்து, அவற்றை மட்டும் கிரீஸ் தடவிய துணியில் சுற்றி வையுங்கள். அவற்றோடு ஒரு குறடு, இரண்டு திருப்புளி, இரும்பறுக்கும் வாள், கூரிய கத்தி, பிளக் கழற்றும் ஸ்பானர், இரண்டு புது பிளக், எஞ்சினுக்குக் குளிர்நீரை ஏற்றும் இம்பெல்லர் ஒன்று, நீரைத் தள்ளும் விசிறியைத் தண்டோடு பிணைக்கும் பின் நான்கு, மெழுகு பூசிய தையல் நூல், பெரிய ஊசி, உள்ளங்கைக்குத் தோல், கம்பிவடத்துக்குரிய கிளிப் ஆறு, பல தடிப்பில் கயிறு, பழைய சைக்கிள் டியூப் ஒன்று.

சைக்கிள் டியூப்பைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. வெடித்த நீர்க்குழாயை இறுக்கிக் கட்டவும், வெடித்த துடுப்பைச் சேர்த்துப் பிடிக்கவும், கயிறு உராயும் இடத்தில் மெத்தையாகவும் அது பயன்பட்டதைப் போல வேறெதுவும் எனக்குப் பயன்பட்டதில்லை. நீளவாக்கில் வெட்டி நாடாவாக்கி, இழுத்துப் பிடித்தபடி சுற்ற வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றைப் பாதி மூட வேண்டும்.

நடு நீரில் அவுட்போர்ட் எஞ்சின் நின்றுவிட்டால்?

நங்கூரம் போட்ட பின், எஞ்சின் எப்படி நின்றது என்பதை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் தேய்ந்து இருமி நின்றிருந்தால் எண்ணெயில், அதாவது எரிபொருளில், குறை. வெட்டினாற்போல் நின்றிருந்தால் மின்சாரம், அல்லது நிறுத்தற் கயிறு யாருடைய காலிலாவது சிக்கிக் கழன்றிருக்கும். கடைசியாகச் சொன்னதைப் பார்க்காமல் பிளக்கைக் கழற்றத் தொடங்கியவர்களில் நானும் ஒருவன். எண்ணெய் என்று சந்தேகம் வந்தால், தொட்டியின் அடியிலிருந்து சிறிது எடுத்து வெள்ளைப் போத்தலில் ஊற்றி அசையாமல் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கும். மண்ணெண்ணெய் எஞ்சின் வைத்திருப்பவர்கள் நிறுத்துவதற்கு முன் பெற்றோலுக்கு மாற்றிச் சற்று நேரம் ஓடவிட வேண்டும். காபரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிட்டால் அடுத்த நாள் காலை கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் பின்புறம் ஊசிபோல் பாயும் குளிர்நீரின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். நம் கரையில் இதை ‘தண்ணி அடிக்குதா’ என்று கேட்பார்கள். ஓர் ஆடி மாத மாலையில் தம்பலகாமக் குடாவில் நாங்கள் மூவர் போய்க்கொண்டிருந்தபோது அந்த நீர் நின்றது. எஞ்சினை உடனே நிறுத்தி, நங்கூரமிட்டு, எஞ்சினின் நீருக்குள் இறங்கும் காலைத் தூக்கிப் பார்த்தால் பொலித்தீன் பை ஒன்று நீர் உறிஞ்சும் துவாரத்தை மூடிச் சுற்றிக்கிடந்தது. அதை உரித்தெடுத்து ஓடவிட்டோம். அப்போதும் நீர் வரவில்லை. இம்பெல்லர் போய்விட்டதென்று முடிவுகட்டி, கீழ்ப்பகுதியைக் கழற்ற ஸ்பானரை எடுத்துவிட்டோம். சற்றுத் தள்ளி வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தோணியைத் தள்ளிக்கொண்டு கிட்ட வந்தார்.

“தம்பி, அதக் கழட்டாதீங்க. முதல்ல அந்தச் சின்ன ஓட்டையக் குத்திப் பாருங்க” என்றார்.

குத்துவதற்கு எங்களிடம் எதுவும் இல்லை. கம்பி முரடாக இருந்தது, ஊசி குட்டையாக இருந்தது. அவர் தன் தூண்டிலிலிருந்து தங்கூசி என்ற தடித்த நைலோன் நூலில் ஒரு சாண் வெட்டி, நுனியைச் சாய்வாகச் சீவி, நீர் பாயும் துவாரத்துக்குள் திருகித் திருகிச் செலுத்தினார். நான்கைந்து முறை உள்ளே போய் வந்த பிறகு உப்புக் கட்டியோடு சேர்ந்த மணல் உதிர்ந்தது. எஞ்சினை முடுக்கியதும் நீர் பாய்ந்து அவருடைய சாரத்தையே நனைத்தது. அன்று அந்த ஸ்பானர் வேலையை நாங்கள் செய்திருந்தால், ஆடும் படகில் இரண்டு நட்டையாவது குடாவுக்குக் கொடுத்துவிட்டு வந்திருப்போம்.

எஞ்சின் நீருக்குள் விழுந்துவிட்டால், எடுத்ததும் நன்னீரால் கழுவி, பிளக்கைக் கழற்றி உள்ளே நின்ற நீரை வெளியேற்றி, மசகு எண்ணெய் விட்டு, அன்றே ஓடவைக்க வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று வெயிலில் காயவைத்தால் உள்ளே துரு பிடித்து இறுகிவிடும்.

கண்ணாடி இழைப் படகின் உடலில் வெடிப்போ ஓட்டையோ விழுந்தால் நானே அடைக்கலாமா?

அடைக்கலாம், அவசரப்படாவிட்டால். நீரிலேயே செய்வது தற்காலிக வேலைதான். உள்ளிருந்து துணியும் பலகையும் வைத்து அழுத்தி, வெளியே தறப்பாளை இழுத்துக் கட்டிக் கரைக்கு வந்து சேருங்கள்.

கரையில் செய்யும் வேலையில் மூன்று பிழைகளைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். முதலாவது ஈரம். பொலியெஸ்டர் ரெசின் ஈரமான இழையில் பிடிக்காது. சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில் என் படகின் அடிப்பகுதியை ஒட்டுவித்தேன். நீரிலிருந்து ஏற்றிய மறுநாளே ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். பார்வைக்கு முகம் பார்க்கும் பளபளப்பு. ஆறாவது வாரம் ஒட்டு அப்பளம் போல ஒரே தகடாகக் கழன்று கையோடு வந்தது. குழியை நன்னீரால் கழுவி உப்பை நீக்கி, நிழலில் பல நாட்கள் காற்றாடவிட வேண்டும். ஒரு பொலித்தீன் துண்டை ஓரம் முழுவதும் நாடாவால் ஒட்டி வெயில் படவிட்டுப் பாருங்கள். உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

இரண்டாவது சாய்வு. ஓட்டையின் மேல் ஒட்டுப் போடுவதால் பலம் வராது. ஓட்டையைச் சுற்றியுள்ள உடலைச் சாய்வாகத் தேய்த்து, தடிப்பைப் போல் 12 மடங்கு அகலத்துக்குப் படிப்படியாக இழையைப் பரப்ப வேண்டும். 6 மில்லிமீற்றர் தடிப்பான உடலானால் ஒவ்வொரு பக்கமும் 72 மில்லிமீற்றர். சிறு வெடிப்புக்கு இவ்வளவு பெரிய வட்டத்தைத் தேய்க்க மனம் வராது. ஆனாலும் தேய்க்க வேண்டும், முகமூடி கட்டிக்கொண்டு. அந்தத் தூள் நுரையீரலுக்கும் ஆகாது, வியர்த்த கழுத்துக்கும் ஆகாது.

மூன்றாவது கலவை. பொலியெஸ்டர் ரெசின் 100 கிராமுக்கு ஹார்டனர் 1 முதல் 2 கிராம் போதும். நம் ஊர்ப் பகல் வெக்கையில் 1 கிராமுக்கே சில நிமிடங்களில் கட்டியாகத் தொடங்கும். விரைவில் இறுகட்டும் என்று கூட்டி ஊற்றினால் கிண்ணத்திலேயே புகைந்து வெடிப்பு விழுந்துவிடும். ஆகவே காலை வெயில் ஏறுமுன், சிறிது சிறிதாகக் கலந்து வேலை செய்யுங்கள். இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் கரைசலையும் ஹார்டனரையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது. அது வெடிக்கக்கூடிய சேர்க்கை. ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றதைச் சேர்க்க வேண்டும். வாங்கும்போதே கடைக்காரரிடம் கோபால்ட் கலந்த ரெசினா என்று கேட்டுவிடுவது நல்லது.

மரப் படகு வைத்திருப்பவர்களுக்கு?

கலப்பத்து அடிப்பதை, அதாவது பலகை இடைவெளியை நூலால் அடைப்பதை, புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. பலகைப் பொருத்துக்குள் நூலை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கைக்குத்தான் தெரியும். கூடுதலாக அடித்தால் பலகையே வங்கு எனும் விலாக்கட்டையிலிருந்து விலகும். முதியவர் ஒருவரோடு இரண்டு நாள் உட்காருங்கள். மற்றப்படி, உள்நீர் மரப் படகுக்கு ஒரு நன்மையும் செய்கிறது. மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவும் உடலில் ஒட்டும் கொட்டலசும் உப்பு நீர் உயிர்கள். மகாவலியின் நன்னீரில் சில நாட்கள் படகைக் கட்டி வைத்தால் கொட்டலசு செத்து, சுரண்டும் வேலை எளிதாகும்.

உப்பிலும் நன்னீரிலும் மாறி மாறி ஓடினால் உலோகம் என்ன ஆகும்?

துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளவென்று பொருத்தும் உலோகக் கட்டியில் கவனம் வேண்டும். கடலுக்குத் துத்தநாகம் சரி. கலப்பு நீரில் அலுமினியக் கட்டி நன்றாக வேலை செய்யும், கடலிலும் செய்யும். ஆகவே நமக்கு ஏற்றது அதுதான். மக்னீசியம் நன்னீருக்கு மட்டும். உப்பு நீரில் விரைந்து கரைந்துபோகும். கட்டியின் மேல் தப்பித்தவறியும் பெயின்ற் பூசிவிடாதீர்கள்.

பாயும் கம்பிவடமும் கிழிந்தால், அறுந்தால்?

பாயைக் கொல்வது காற்றைவிட வெயில். நூல் முதலில் உக்கும், துணி பிறகு கிழியும். மாதம் ஒருமுறை நகத்தால் தையலைக் கீறிப் பாருங்கள்; நூல் பொடியாக வந்தால் கிழியும்வரை காத்திராமல் அந்த வரிசையைத் திரும்பத் தையுங்கள். நங்கூரமிட்டதும் பாயைச் சுருட்டிப் பழைய சேலையால் மூடிக் கட்டினாலே அதன் ஆயுள் பெருகும். என் படகில் என் தாயாரின் இரண்டு நூற்சேலைகள் இந்த வேலையைச் செய்கின்றன.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிவடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்த வடம் முடிந்தது என்றே கொள்ளுங்கள். வீடு திரும்பும் வரைக்கும் மடக்கிக் கிளிப் போடுவதானால், கிளிப்பின் பல் வைத்த அடிப்பகுதி பாரம் தாங்கும் வடத்தில் உட்கார வேண்டும், வளைந்த கம்பி வெட்டிய முனையின் பக்கம் வர வேண்டும். தலைகீழாகப் போட்டால் பாரம் தாங்கும் வடத்தையே கிளிப் நசுக்கும்.

விசிறியில் வலையோ கயிறோ சுற்றிக்கொண்டால் நீரில் இறங்கலாமா?

மகாவலி வாயிலும் கண்டல் ஓரங்களிலும் இறங்காதீர்கள். முதலை இருக்கும் நீர் அது. எஞ்சினைத் தூக்கிப் படகிலிருந்தபடியே வெட்டுங்கள்.

பிறருடைய வலையை நான் அறுத்துவிட்டால் என்ன செய்வது?

ஓடிவிடாதீர்கள். பாய்ப்படகு குடாவில் எங்கே நின்றாலும் அடையாளம் தெரியும்; அன்று மாலைக்குள் உங்கள் பெயர் மூதூர் முதல் கிண்ணியா வரை போயிருக்கும். வலையை வெட்டித்தான் விசிறியை விடுவிக்க வேண்டுமென்றால், கண்ணிகளின் நடுவே கிழிக்காமல், மேற்கயிற்றையும் கீழ்க்கயிற்றையும் ஒரே இடத்தில் வெட்டி, இரு முனைகளையும் மிதவையோடு கட்டி விடுங்கள். அப்படி வெட்டிய வலையைச் சேர்ப்பது எளிது. பிறகு உடைமைக்காரரைத் தேடிப் போய் நீங்களே சொல்லுங்கள். வலையின் விலையோடு அவருக்கு அன்று போன மீனும் கணக்கில் வரும். கரைவலை இழுக்கும் கரையோரங்களில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் கயிற்றின் வெளிப்புறமாகச் சுற்றிப் போவதே முறை, அரை மணி கூடுதலாக ஆனாலும்.

உதவி செய்தவருக்குப் பணம் கொடுக்கலாமா?

அதிகம் கேட்கப்படுவதும், பலர் பிழையாகச் செய்வதும் இதுதான். தொழிலாளி வேறு, உதவிக்கு வந்தவர் வேறு. மெக்கானிக், ஒட்டு வேலைக்காரர், தச்சர் ஆகியோருக்குப் பேசிய கூலியை அன்றே, குறைக்காமல் கொடுத்துவிட வேண்டும். தோழமை என்ற பெயரில் கூலியைத் தள்ளிப்போடுகிறவர்களால்தான் அடுத்தவருக்கும் வேலை செய்ய ஆள் வருவதில்லை.

உதவிக்கு வந்தவரிடம் நோட்டை நீட்டினால் பெரும்பாலும் மனம் புண்படும். ஆனால் அவர் எரித்த எண்ணெய் அவருடைய நாட்கூலியிலிருந்து போனது. ஆகவே உங்களை இழுத்துக்கொண்டு வந்தவருக்கு எண்ணெயை எண்ணெயாகவே, சற்றுக் கூட்டித் திருப்பி நிரப்பிவிடுங்கள். அதை யாரும் மறுப்பதில்லை. வலையை விட்டுவிட்டு வந்திருந்தால் அவருடைய அன்றைய மீன்பாட்டை ஈடுகட்டும் வழியைச் சங்கத்தில் உள்ள பெரியவரிடம் கேளுங்கள், அவர் தொகையைச் சொல்வார். போத்தல் கொடுத்துக் கணக்குத் தீர்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் அது அவமரியாதை. மற்றக் கரைகளில் அது வீட்டுப் பெண்களுக்குச் செய்யும் துரோகம் என்பது என் கருத்து. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் யாரையும் வேலைக்கு அழைக்காதீர்கள். நோன்பு மாதத்தில், படகுக்கு வந்த நானாவுக்குப் பகலில் பிளேன்டீ நீட்டிவிட்டு அசடு வழிய வேண்டாம்.

தங்கூசி வெட்டித் தந்த அந்த முதியவருக்கு அடுத்த வாரம் ஒரு முழுச் சுருள் தங்கூசி வாங்கிக்கொண்டு போனேன். கையில் வாங்கித் தடிப்பை விரலால் உருட்டிப் பார்த்தார். “இது நமக்கு ஆகாது தம்பி, தடிப்புக் கூட. உங்கட படகிலேயே வையுங்க, எஞ்சினுக்கு ஆகும்” என்று திருப்பித் தந்துவிட்டு, அரை வாளி இறாலும் கொடுத்து அனுப்பினார். கணக்கு இன்னும் என் பக்கம்தான் நிலுவை.

இன்னொரு படகை நான் இழுத்துச் செல்ல வேண்டி வந்தால்?

முதலில் ஆட்கள், பிறகுதான் படகு. எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்க வேண்டும். களப்புதானே, நீந்திவிடலாம் என்ற பேச்சை நான் கேட்பதில்லை. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தது கரைக்குக் கூப்பிடு தூரத்தில்தான். கயிற்றை நீளமாக விட்டு, நடுவில் சிறிது பாரம் தொங்கவிட்டால் வெட்டி வெட்டி இழுக்காது. கயிற்றின் நேரே யாரும் நிற்கக் கூடாது. நைலோன் அறுந்தால் சவுக்காகத் திரும்பும். வேகம் நடைவேகம்.

பழுது வந்தால் படகுக்குள்ளேயே சண்டை வந்துவிடுகிறது. என்ன செய்வது?

வரும். வெயில், பசி, 22 அடி இடம், நான்கு பேர், நான்கு யோசனைகள். எங்கள் படகில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பழுதைத் தொடுகிறவர் ஒருவர், அவர் கேட்டதை எடுத்துக் கொடுப்பவர் ஒருவர், மற்ற இருவரும் பின்பக்கம் போய்ச் சமையலைப் பார்ப்பார்கள், எட்டிப் பார்த்து யோசனை சொல்லக் கூடாது. இதை உடைத்தது யார் என்ற கேள்வியைச் சாப்பாடு முடியும் வரை கேட்பதில்லை. புட்டும் மீன்சொதியும் இறங்கிய பிறகு, உடைத்தவரே வாய் திறப்பதுதான் வழக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியரான என் மைத்துனருக்கு இந்தச் சட்டம் பிடிக்காது; அவர் புட்டு அவிப்பதில் கெட்டிக்காரர் ஆனதற்கு இதுவே காரணம்.

வாடைக்கு முன் படகை எப்படிக் கரையேற்றுவது?

நம் கரையில் வற்றுப்பெருக்கு வித்தியாசம் ஒரு மீற்றரும் இல்லை. பெருக்கில் படகைத் தரையில் அமர்த்தி, வற்றியதும் அடியைச் சுரண்டி, மறு பெருக்கில் மிதக்கவிடும் முறை ஆறு ஏழு மீற்றர் இறங்கும் நாடுகளுக்குரியது, இங்கே நடக்காது. உருளைக் கட்டைகளும் மனிதத் தோள்களும்தான் வழி. நடுப்பலகையை உயர்த்திக்கொள்ளக்கூடிய சிறு படகானால், பாய்மரத்தையும் எஞ்சினையும் நங்கூரத்தையும் உள்ளிருக்கும் எடையையும் இறக்கிவிட்டு, பனங்குற்றிகளின் மேல் ஏற்றலாம்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு காலையைக் குறித்துக்கொண்டு ஒரே கரையில் உள்ள எல்லோரும் சேர்ந்து செய்வது வழக்கம். முன்கூட்டியே சுக்கான் கொளுக்கிகளைக் கழற்றி, கம்பிவட முனைகளை உரித்துப் பார்த்து, வாங்க வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள். படகு ஏறிய பிறகு எல்லோருக்கும் பசி வந்துவிடும், எழுத முடியாது. ஏலேலோ சொல்பவர் ஒருவரே இருக்க வேண்டும். இரண்டு குரல் வந்தால் படகு கோணிக்கொண்டு உருளையிலிருந்து இறங்கும். பிள்ளைகளை உருளை மாற்றும் வேலைக்கு விடக் கூடாது, விரல் போய்விடும். தோணிகளும் பைபர் படகுகளும் முதலில் ஏறும். பாய்ப்படகு கடைசி, அதன் அடியில் ஈயம் இருப்பதால் ஆள் அதிகம் வேண்டும், பள்ளிவாசலடியிலிருந்தும் கோயிலடியிலிருந்தும் வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்திருப்பதும் அந்த நேரத்தில்தான். சோற்றுப் பானையை அதற்குப் பிறகே திறப்போம்.